முதல் எட்டுக் கிழமை: மனச்சிதைவு வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது

மனச்சிதைவு (ஸ்கிட்சோபிறெனியா) பற்றி மருத்துவர்களுக்கு நடத்துகிற தொடர்கல்வி வகுப்பு எப்படிப் போகும் என்பது திருகோணமலைப் பக்கம் ஆஸ்பத்திரிகளில் வேலைசெய்கிற எல்லாருக்கும் தெரியும். 1908இல் ஒய்கன் புளொய்லர் இந்த வருத்தத்துக்குப் பெயர் வைத்த கதையில் தொடங்கும். மூளையில் டொபமின் என்ற இரசாயனம் போகிற பாதைகள் நான்கும் நாலு நிறத்தில் திரையில் ஓடும். பிறகு நோயறி அளவுகோல், மருந்துப் பட்டியல், தேத்தண்ணி, றோல்ஸ், வரவுத் தாளில் கையெழுத்து. அடுத்த நாள் காலை மூதூரிலோ குச்சவெளியிலோ ஓ.பி.டி மேசைக்கு முன்னால் ஒரு தாய் மகனைக் கூட்டிவந்து இருத்தி, "நித்திரை இல்லை டொக்டர், சாப்பாடும் இல்லை" என்று மட்டும் சொல்வார். வரிசையில் பின்னால் எண்பது பேர். டொபமின் பாதை அங்கே உதவிக்கு வராது.

வகுப்பு நேரத்தில் முக்கால்வாசியை முதல் சந்திப்புக்கும் அதற்குப் பிந்திய எட்டுக் கிழமைக்கும் ஒதுக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். அந்த எட்டுக் கிழமையில் நடக்கிற சின்னப் பிழைகள்தான் ஆளைக் கிளினிக்கிலிருந்து விரட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உளநல நிபுணரின் அறைக்குள் நடப்பவை அல்ல.

கணக்கைப் பாருங்கள். உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு வருடத்தில் புதிதாக 15 பேர் அளவில் இந்த வருத்தத்துக்கு ஆளாகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம். அதே வீதம் இங்கும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 55, 60 பேர். மாவட்டம் முழுதுக்கும் கிழமைக்கு ஒரு புது ஆள். அதைத் திருகோணமலை, கிண்ணியா, கந்தளாய், மூதூர், புல்மோட்டை, ஈச்சிலம்பற்று என்று பிரித்துப்போட்டால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி மருத்துவருக்கு வருடத்தில் கைவிரல் எண்ணிக்கைதான் கிடைக்கும். டெங்கு மாதிரி தினமும் பார்த்துக் கை பழகுகிற வருத்தம் இல்லை இது. எனவே நினைவை நம்பாமல், மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பக்கத் தாள் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் நிபுணர் அல்லாதவர்களுக்காக 2010இல் வெளியிட்டு 2016இல் திருத்திய கையேடு அந்தத் தாளுக்கு நல்ல அடித்தளம்.

சிகிச்சை இல்லாமல் கழிந்த காலம் நீள நீளக் குணமாவதும் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அமெரிக்காவில் 21 மாநிலங்களில் நடந்த ஆய்வொன்றில் அந்தக் காலத்தின் இடைநிலை 74 கிழமை. நோர்வேயின் றோகலாண்டில் பத்திரிகை விளம்பரம், பள்ளிக்கூடம், பொது மருத்துவர் என்று எல்லாப் பக்கமும் சொல்லி, யாரும் நேரே அழைக்கக்கூடிய ஒரு குழுவையும் வைத்தபோது அது 5 கிழமைக்கு இறங்கியது; ஒப்பிட்டுப் பார்த்த பகுதிகளில் 16. பிரசாரத்தை நிறுத்தியதும் றோகலாண்டிலேயே 15க்கு ஏறிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஹோட்டலில் நாள் முழுக்க நடத்துகிற செயலமர்வை விட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலேயே ஒன்றரை மணிநேரம் நடத்துவது மேல் என்று நாம் சொல்வது இதனால்தான்.

கேட்கிற விதம்

"காதில் குரல் கேட்குதா?" என்று நேரே கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். விசர் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். படிக்கட்டாகப் போகவேண்டும். முதலில் நித்திரை, சாப்பாடு. பிறகு, "தம்பி, கொஞ்ச நாளா ஆக்கள் உங்களைப் பார்க்கிற விதம் மாறின மாதிரி இருக்கா?" பிறகு, "ஒருத்தரும் இல்லாத நேரத்தில யாரோ கதைக்கிற மாதிரி சத்தம் வாறதா? ஒருத்தரா, ரெண்டு பேர் தங்களுக்குள்ள கதைக்கிறாங்களா? ஏதும் செய்யச் சொல்லுதா?" பிறகு, "நீங்க மனசுக்குள்ள நினைக்கிறது மற்ற ஆக்களுக்குக் கேட்டுப்போகுதா?" கடைசியாக, "உங்கட கையையோ யோசினையையோ வேற ஏதோ ஒண்டு நடத்துற மாதிரி இருக்கா?" இந்த ஐந்து கேள்விக்கும் நாலு நிமிடம் போதும். வகுப்பில் இதைத் திரையில் காட்டிவிட்டுப் போகாமல், இருவர் இருவராக இருந்து வாய்விட்டுக் கேட்டுப் பழகவேண்டும். வெட்கம் வகுப்பிலேயே போகட்டும்.

குரல் ஏதும் செய்யச் சொல்கிறதா என்பதோடு தற்கொலை எண்ணத்தையும் அதே இருப்பில் கேளுங்கள். இந்த வருத்தம் உள்ளவர்களில் வாழ்நாளில் நூற்றுக்கு 5 பேர் அளவில் தற்கொலையால் இறக்கிறார்கள். ஆபத்து அதிகம் ஆரம்ப வருடங்களில்தான். குழப்பம் தெளிந்து, உயர்தரப் பரீட்சை தவறிப்போனதும் சிநேகிதர்கள் விலகிவிட்டதும் உறைக்கிற நேரத்தைக் கவனியுங்கள். குளிசைப் பையும் தோட்டத்துக் கிருமிநாசினியும் யார் கையில் இருக்கவேண்டும் என்பதை அன்றே வீட்டாரோடு பேசிவிடுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "சி.ஐ.டி என்னைப் பின்தொடருது" என்று ஒருவர் சொன்னால் அதை உடனே மருட்சி என்று எழுதமுடியாது. இந்த மாவட்டத்தில் அது உண்மையாகவே நடந்த குடும்பங்கள் உண்டு. அந்த எண்ணம் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். வீட்டில் மற்றவர்களும் அதே பயத்தைச் சொல்கிறார்களா? ஒரு சம்பவத்தோடும் ஒரு காலத்தோடும் அது நிற்கிறதா? அல்லது தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் தனக்குச் சாடை காட்டுகிறார், பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவதும் ஒரு சமிக்ஞை என்று விரிந்துகொண்டே போகிறதா? விரிவதுதான் வருத்தத்தின் குணம். அதே மாதிரி, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் குரல் அந்தியில் படலையடியில் கேட்பதாகச் சொல்லும் தாய்க்கு இருப்பது துக்கம். அவருக்கு மனச்சிதைவு மருந்தான ஹலோபெரிடோலை எழுதுவது பிழை. கோயிலில் கலை வந்து ஆடுகிறவர் திருவிழா முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார் என்றால் அதுவும் வருத்தம் அல்ல. ஊர் வழமைக்குள் அடங்கி, தொடங்கிய இடத்தில் முடிந்து, மறுநாள் வேலையைக் குழப்பாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பொறி. சிங்கள மருத்துவர், தமிழ் நோயாளி, நடுவில் கையில் அகப்பட்ட ஒரு சிற்றூழியர். நோயாளி ஐந்து நிமிடம் கதைப்பார். "சும்மா விசர்க்கதை சேர்" என்று மூன்று சொல்லில் மொழிபெயர்ப்பு வரும். அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் நோயறிதல் இருந்தது. மொழிபெயர்ப்பவருக்கு இரண்டு விதி போதும்: அவர் "நான்" என்று சொன்னால் நீங்களும் "நான்" என்றே சொல்லுங்கள், விளங்காத கதையை விளங்காதபடியே தாருங்கள், திருத்தவேண்டாம். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. தற்கொலை, பாலுறவு பற்றிய கேள்விகளுக்குத் தாய் தகப்பனும் வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். உளப்பிளவு என்று சொன்னால் ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள் என்று வீட்டார் நினைக்கிறார்கள். மனச்சிதைவு என்றால் எல்லாம் உடைந்து முடிந்தது என்று கேட்கிறது. ஜப்பானியர் 2002இல் தங்கள் மொழியில் இந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். நாம் மாற்றும்வரை, முதல் நாளில் பெயரைச் சொல்லாமலே விடலாம், அவசரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி 11இன்படி ஒரு மாதமும், அமெரிக்க உளநல மருத்துவர்களின் டி.எஸ்.எம் 5இன்படி ஆறு மாதமும் அறிகுறிகள் நின்றிருந்தால்தான் அந்தப் பெயர் வரும். "சைக்கோசிஸ், முதல் தடவை" (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை என்றுதான் அர்த்தம்) என்று கொப்பியில் எழுதிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

வேறு வருத்தம் இல்லையென்று பார்ப்பது

உடல் வெப்பம், நாடி, குருதி அழுத்தம், விரல் நுனியில் சீனி, இன்று என்ன கிழமை என்ற கேள்வி. இந்த ஐந்தையும் பார்க்காமல் மேலே போகக்கூடாது. காய்ச்சல், வலிப்பு, நினைவு மங்கி மங்கித் தெளிவது, கண்ணுக்கு உருவங்கள் தெரிவது, 45 வயதுக்குப் பிறகு முதன்முறை வருவது: இதில் ஒன்று இருந்தாலும் மூளையை அல்லது உடலைத் தேடுங்கள். சில நாட்களுக்குள் தலைகீழாக மாறிய இளம் பெண், இடையில் வலிப்பு, வாய் தானாக அசைவது, சிறிதளவு ஹலோபெரிடோலுக்கே உடம்பு விறைப்பது என்று வந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற தன்னெதிர்ப்பு மூளையழற்சியை நினையுங்கள். கசிப்பை விட்டு இரண்டு மூன்று நாளில் நடுங்கிக்கொண்டு பூச்சி பிடிப்பவருக்கு வேண்டியது டயசிபாமும் தயமினும். ஐஸ் போதைப்பொருள் பாவித்தவரின் சந்தேகம் பெரும்பாலும் நாட்களில், மிஞ்சினால் ஒரு மாதத்தில் அடங்கும். ஆனால் "தூள்காரன்" என்று கைகழுவ வேண்டாம். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் மனச்சிதைவு வருகிறது. திகதி கொடுத்துத் திரும்ப வரச்சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்திய சைக்கோசிஸ் 1000 பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள். பிள்ளையின் தொப்புளைப் பார்க்க வீட்டுக்குப் போகிற மருத்துவமாதுதான் இதை முதலில் காணக்கூடியவர். "நித்திரையே வேணாம் மிஸ், களைப்பே இல்லை" என்று இரவு பகலாக விழித்திருக்கும் தாயை அடுத்த கிளினிக் திகதிக்கு விடக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரி, வேண்டுமானால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ்.

முதல் குளிசை

இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது.

முதல் தடவை வருத்தம் கண்ட மூளை, மருந்துக்கு மிகக் கூச்சமுள்ளது. றிஸ்பெரிடோன் இரவில் 1 மி.கி, நாலைந்து நாளில் 2 மி.கி, அங்கே நிறுத்தி இரண்டு கிழமை பொறுங்கள். தேவையென்றால் 3, பிறகு 4. அதற்கு மேல் நிபுணரைக் கேளுங்கள். ஹலோபெரிடோல் மட்டுமே கைவசம் இருந்தால் 1.5 மி.கியில் தொடங்குங்கள்; முதல் தடவைக்காரர் பலருக்கு 4 மி.கிக்குள் போதும். காரணம் இது: மூளையில் டொபமினை ஏற்கிற டி2 ஏற்பிகளில் நூற்றுக்கு 65 அளவு மறிக்கப்பட்டால் மருந்து வேலைசெய்யத் தொடங்கும், 80ஐத் தாண்டினால் பலன் கூடுவதில்லை, விறைப்பும் நடுக்கமும்தான் கூடும். நித்திரை இல்லை என்பதற்காக இந்த மருந்தைக் கூட்டாதீர்கள். நித்திரைக்கு உதவும் லொறசிபாம் இரவில் 1 அல்லது 2 மி.கி, ஒன்றிரண்டு கிழமைக்கு மட்டும், அந்த வேலையைப் பார்க்கும். கிண்ணியா, மூதூர் பக்கம் நோன்பு மாதத்தில் இரவு ஒரு வேளை மருந்து என்பது வசதியும்கூட. மூன்று வேளை எழுதினால் பகல் வேளை தவறும்.

இனி ஆறாம் நாளைப் பார்ப்போம். பையன் படலைக்கும் கிணற்றுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறான். வாங்கில் இருந்தால் ஒரு நிமிடத்தில் எழும்புகிறான். நின்றாலும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்கிறான். முகம் கலங்கியிருக்கிறது. "வருத்தம் கூடிற்று டொக்டர்" என்கிறார் தாய். அது உண்மைபோலத்தான் தெரிகிறது. மருத்துவர் 2ஐ 4 ஆக்குகிறார். பத்தாம் நாள் பையன் சுவரில் தலையை மோதுகிறான், மருந்தை எறிந்துவிடுகிறான். இனி அவன் கிளினிக் பக்கம் வரமாட்டான். இது வருத்தம் கூடியது அல்ல, மருந்து தந்த அக்கதீசியா, அதாவது இருப்புக்கொள்ளாமை. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "நடக்கச்சொல்லி மனசு சொல்லுதா, கால் சொல்லுதா?" கால் என்றால் மருந்து. இரண்டு நிமிடம் இருத்தி, இரண்டு நிமிடம் நிறுத்தி, பாதத்தையே பாருங்கள். செய்யவேண்டியது: மருந்தைக் குறையுங்கள். முட்டு உண்டா என்று கேட்டு, நாடியும் அழுத்தமும் பார்த்து, புறொப்பிறனலோல் 10 மி.கி மூன்று வேளை. விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கிற பென்ஸ்ஹெக்சோல் இதற்குப் பெரிதாக உதவாது. அக்கதீசியா தற்கொலை எண்ணத்தையும் தூண்டும் என்பதால் "பழகிப்போகும்" என்று சொல்லி அனுப்பக்கூடாது.

கழுத்துத் திருகி, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு வருவது வேறு விஷயம். முதல் சில நாட்களில், அதிகம் இளம் ஆண்களுக்கு, அதிகம் ஹலோபெரிடோலால். வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் பூசாரியிடம் ஓடுவதும் இதற்குத்தான். புறோமெத்தசின் 50 மி.கி தசையில் போட்டால் அரை மணிநேரத்தில் கழுத்து நேராகும். பிறகு சில நாளுக்கு பென்ஸ்ஹெக்சோல் 2 மி.கி இரு வேளை. மூச்சில் சீழ்க்கைச் சத்தம் வந்தால் தொண்டைத் தசை இறுகுகிறது என்று அர்த்தம். தாமதிக்க நேரம் இல்லை. "கழுத்து இழுத்தால் பேய் இல்லை, மருந்து, உடனே வாங்கோ" என்ற ஒரு வரியை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பென்ஸ்ஹெக்சோலை எல்லாருக்கும் மாதக்கணக்கில் எழுதுவது கெட்ட பழக்கம். மறதி, வாய் உலர்வு, சலம் அடைப்பு, போதாக்குறைக்கு அதைப் போதைக்கு எடுப்பவர்களும் உண்டு.

கலவரமாக வருகிறவருக்கு ஹலோபெரிடோல் 5 மி.கி, புறோமெத்தசின் 50 மி.கி, இரண்டும் தசையில். வேலூரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் லொறசிபாமை விட இந்தச் சேர்க்கை வேகமாக அமைதிப்படுத்தியது. ஹலோபெரிடோலைத் தனியே போடவேண்டாம், கழுத்து இழுக்கும். தசையில் குளோர்புறோமசின் அழுத்தத்தை விழுத்தும். தசையில் டயசிபாம் எப்போது உறிஞ்சப்படும் என்று சொல்லமுடியாது. போட்ட பிறகு பக்கவாட்டில் கிடத்தி, முதல் ஒரு மணிநேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, நாடி, அழுத்தம். குப்புறக் கிடத்தி ஆள் ஏறி இருப்பது உயிரை எடுக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் வேறு ஆள் வந்து இன்னொரு 5 போடுவது வழமை என்பதால், 24 மணிநேர மொத்தத்தை கட்டில் சீட்டின் தலைப்பில் பெரிதாக எழுதுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காய்ச்சல், உடல் விறைப்பு, வியர்வை, நினைவுக் குழப்பம் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்தி, தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே இரத்தப் பரிசோதனை பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

எண்ணெய் ஊசி

புளூபெனசின் டிப்போ என்பது தசையில் தங்கிக் கிழமைக்கணக்கில் மெதுவாகக் கசிவதற்காக நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. ஊசிக் குழாயில் ஈரம் இருக்கக்கூடாது. 21ஆம் எண் ஊசி, ஒன்றரை அங்குலம். பிட்டத்தின் மேல் வெளிக் கால்பகுதி. தோலைப் பக்கமாக இழுத்துப் பிடித்து ஆழமாகக் குத்தி, மெதுவாகச் செலுத்தி, பத்து விநாடி பொறுத்து ஊசியை எடுத்துத் தோலை விடுங்கள். தேய்க்காதீர்கள். முதல் அளவு 12.5 மி.கி, அதாவது ஒரு மி.லீக்கு 25 மி.கி உள்ள மருந்தில் அரை மி.லீ. குளிசையாகத் தாங்குகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஊசி. போட்டதைத் திருப்பி எடுக்கமுடியாது.

பிழை நடப்பது பெரும்பாலும் இப்படி. ஊசி போட்ட அன்றே குளிசையை நிறுத்துகிறார்கள். எண்ணெயிலிருந்து மருந்து கசிந்து உடம்பில் நிலையான அளவு வர இரண்டு மாதம் அளவில் ஆகும். நாலாம் கிழமை வருத்தம் திரும்புகிறது. ஊசி வேலைசெய்யவில்லை என்று அளவை இரட்டிக்கிறார்கள். மூன்றாம் மாதம் முன்னைய ஊசிகளும் புதிய ஊசிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஆள் மரக்கட்டை மாதிரி விறைத்து, எச்சில் வடித்துக்கொண்டு வருகிறார். சோம்பல், "மந்தமாகிவிட்டான்" என்று ஊர் சொல்லும். ஊசியைத் தொடங்கினாலும் குளிசையைத் தொடர்ந்து, கிழமைக் கணக்கில் படிப்படியாகக் குறைத்திருந்தால் இது நடந்திராது.

வீட்டார், தேத்தண்ணி, தாயத்து

மருந்து வேண்டாம் என்கிறவருக்கு தேத்தண்ணியில் கலந்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் அன்றாடம். இதைக் கண்டு முகம் சுளித்தால் அடுத்தமுறை வீட்டார் மறைத்துவிடுவார்கள். காரணத்தைச் சொல்லுங்கள். றிஸ்பெரிடோன் திரவ மருந்து தேத்தண்ணியோடும் கோலா வகைச் சோடாவோடும் ஒத்துப்போகாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம்: "சாப்பாட்டுக்குள்ள ஏதோ போடுறாங்க" என்று சந்தேகிக்கிறவருக்கு உண்மையிலேயே போடுகிறீர்கள். ஒருநாள் பீங்கானின் அடியில் வெள்ளைத் தூளைக் கண்டுவிட்டால் அந்த வீட்டில் பிறகு அவர் சாப்பிடவே மாட்டார். "நித்திரைக்கு" என்று ஒளிவில்லாமல் கொடுத்துப் பாருங்கள். பலர் அதற்கு இணங்குகிறார்கள், நித்திரை இல்லாதது அவர்களுக்கும் தொல்லைதான்.

பத்திரகாளி கோயில் நூல், பள்ளியில் ஓதிய தண்ணீர், தாயத்து எல்லாம் மருந்தோடு சேர்ந்து போகலாம். அடிப்பது, பட்டினி, மிளகாய்ப் புகை, சங்கிலி கூடாது. தமிழ்நாட்டில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி கொட்டிலில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகினார்கள். பூசாரியோடும் பரிசாரியோடும் லெப்பையோடும் சண்டை பிடிக்காமல், "நித்திரையில்லாமல் மூன்று நாள் கடந்தால் எங்களிடம் அனுப்புங்கோ" என்று ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவைப்பது பலன் தரும். இரவில் வேறு வழி இல்லாத வீட்டாருக்கு 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கமும் இருக்கட்டும்.

குணமான பிறகு மருந்தை எப்போது விடலாம் என்பதுதான் எல்லா வீட்டின் கேள்வியும். முதல் தடவைக்குக் குணமானதிலிருந்து ஒன்று முதல் இரண்டு வருடம். நியூயோர்க்கில் முதல் தடவைக்காரர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த, 1999இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 82 பேருக்கு வருத்தம் திரும்பியது. மருந்தை விட்டவர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்கு அளவில். சிக்கல் என்னவென்றால், இன்று விட்டால் நாளைக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் சுகமாகவே போகும். அதனால் "விட்டும் நல்லாத்தானே இருக்கிறன்" என்ற முடிவுக்கு எவரும் வருவார். இதை முன்கூட்டியே, அதே சொற்களில், சொல்லிவைக்கவேண்டும்.

விடுவதற்கு வெளியில் சொல்லாத காரணங்களும் உண்டு. றிஸ்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் புறொலக்டின் ஹோர்மோனைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், பால் கசியும். கலியாணம் ஆகாத பிள்ளைக்கு இது நடந்தால் வீட்டுக்குள் என்ன கதை வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்களுக்குத் தாம்பத்தியக் குறை. தாயையும் அண்ணனையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் பதில் வரும். ஒலன்சபின் என்ற வேறு மருந்துக்கு மாற்றினால் மாதவிடாய் திரும்பும், கருவும் தங்கும். குடும்பக் கட்டுப்பாடு பற்றி அன்றே பேசுங்கள். ஒலன்சபினுக்கு நிறை ஏறும். முதல் ஆறு கிழமை கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தொடக்கத்திலும் 12ஆம் கிழமையிலும் பின் வருடாவருடமும் இடுப்பளவு, அழுத்தம், சீனி, கொழுப்பு. எங்கள் உடல்வாகுக்கு எல்லை ஆணுக்கு 90 செ.மீ, பெண்ணுக்கு 80. வாய் உலர்கிறது என்று இனிப்புச் சோடா குடிப்பதை நிறுத்தினாலே சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ குறையும்.

வகுப்பு பலன் தந்ததா என்று பார்க்க, முடிவில் நிரப்புகிற வினாத்தாள் உதவாது. கிளினிக் பதிவேட்டில் மூன்றே நிரல் போடுங்கள்: முதல் அறிகுறிக்கும் முதல் குளிசைக்கும் இடையில் எத்தனை கிழமை, தொடங்கிய அளவு எவ்வளவு, எட்டாம் கிழமை ஆள் வந்தாரா. வராதவர் வீட்டுக்கு சமூக உளநலத் தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ போவதை அந்தக் கிழமைக்குள்ளேயே செய்யவேண்டும்.

குளோசபினும் காய்ச்சலும்

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றும் ஆறு கிழமை கொடுத்தும் கேட்காதவருக்கு மூன்றாவது, நான்காவது மருந்து தேடுவது கால விரயம். 1988இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் குளோசபின் என்ற மருந்தால் நூற்றுக்கு 30 பேர் தேறினார்கள்; குளோர்புறோமசினால் 4 பேர். தொடங்குவது நிபுணரின் வேலை. ஆனால் காய்ச்சலோடு வந்து நிற்பது உங்கள் ஓ.பி.டியில்.

குளோசபின் வெள்ளணுக்களை, முக்கியமாக நியூட்றோபில் என்ற வகையை, ஆபத்தாகக் குறைக்கக்கூடும் என்பதால், முதல் 18 கிழமை கிழமைதோறும், பிறகு வருடம் முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. வெள்ளணு 3000க்குக் கீழே, அல்லது நியூட்றோபில் 1500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தவேண்டும். இப்போது வாடைக்காற்று மழையை நினையுங்கள், அல்லது 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட டெங்குப் பாட்டை. குளோசபின் எடுப்பவர் காய்ச்சலோடு வருகிறார், வெள்ளணு 2700. டெங்குவும் வெள்ளணுவைக் குறைக்கும். டெங்குவில் பிளேட்லட்டும் கூடவே இறங்கும், இரத்தத்தின் தடிப்பைக் காட்டும் ஹீமற்றோகிறிட் ஏறும். குளோசபினின் கைவரிசை என்றால் நியூட்றோபில் தனியே தரைக்குப் போகும், தொண்டை நோவும் வாய்ப்புண்ணும் இருக்கும். ஆனால் முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கலாம். எதுவென்று யோசித்து நேரம் கடத்தாமல் அன்றைய குளோசபினை நிறுத்தி, நியூட்றோபில் எண்ணிக்கையோடு எப்.பி.சி (முழு இரத்த எண்ணிக்கை), டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை எடுத்து, உளநலப் பிரிவை அழைத்து, வார்டில் வையுங்கள். தொடங்கி இரண்டு மாதத்துக்குள் என்றால் இதயத் தசை அழற்சியும் காய்ச்சலாக வரும். நாடி 120ஐத் தாண்டினால் ஈ.சி.ஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் றொப்போனின் பரிசோதனையும். கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் "குளோசபின்" என்று எழுதியிருந்தால்தான் ஓ.பி.டியில் இருப்பவருக்கு இது நினைவுக்கு வரும். மலச்சிக்கலை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். குடல் அசையாமல் நின்று இறந்தவர்கள் உண்டு. நோன்பு மாதத்தில் தண்ணீர் குறைவதால் இன்னும் கவனம்.

இன்னொன்று, 48 மணிநேரத்துக்கு மேல் குளோசபின் தவறினால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக்கூடாது. அழுத்தம் விழுந்து ஆள் மயங்குவார். 12.5 மி.கியிலிருந்து மீண்டும் ஏறவேண்டும். பலநாள் படகில் போகிற கடற்றொழிலாளிக்கு இது சும்மா பேச்சு இல்லை. கிளினிக் திகதி போடுவதற்கு முன் படகு எப்போது இறங்குகிறது, எத்தனை நாள் கடலில் என்று கேட்டு, அந்த நாளுக்கு மேல் மூன்று நாள் குளிசை கூடக் கொடுத்து, தண்ணீர் புகாத போத்தலில் போடச் சொல்லுங்கள். தவறிய நாளை எண்ணிச் சொல்ல படகில் கூட இருக்கும் ஒருவருக்கு, நோயாளி சம்மதித்தால், விஷயம் தெரிந்திருக்கட்டும்.